காசநோய் வார்டில் முதல் மாத்திரைக்கு முன்

காசநோய்க்கு மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுத்திருக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டுக் குணமடையலாம் என்பதை உலகுக்கு நிரூபித்துக் காட்டிய ஊர் சென்னை. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய்க் கீமோதெரபி (மருந்துச் சிகிச்சை) மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மறுபகுதியினருக்குச் சானடோரியத்திலும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்து ஒப்பிட்டது. 1959-ல் அதன் முடிவுகள் வெளிவந்த பிறகு, காசநோய்ச் சிகிச்சை மெல்ல மெல்ல மருத்துவமனைக் கட்டிலை விட்டு வீட்டுக்கு நகர்ந்தது. அந்த மையந்தான் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். ஆகவே இன்று ஒருவர் காசநோய் வார்டில் படுத்திருக்கிறார் என்றாலே, அவருக்கு வெறும் காசநோய் மட்டும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

எடை 30 கிலோவுக்குக் கீழே போனவர், கிருமி மூளை உறையைத் தாக்கியதால் நினைவு தப்பியவர், பல ஆண்டுக் குடியால் கல்லீரல் கெட்டவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், எச்.ஐ.வி. உள்ளவர், சர்க்கரை கட்டுக்குள் வராதவர், முதல் வரிசை மருந்துகளுக்கு அடங்காத கிருமியோடு வந்தவர் என்று இப்படிப்பட்டவர்களே வார்டை நிரப்புகிறார்கள். தமிழ்நாட்டில் 2022 முதல் நடந்துவரும் காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோய் உறுதியானவுடனேயே உடல் நிறைக் குறியீடு, கால் வீக்கம், மூச்சு விடும் வேகம், இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்பது ஆகியவற்றைப் பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே உள்நோயாளியாகச் சேர்க்கச் சொல்கிறது. அது மிகச் சரியான ஏற்பாடு. ஆனால் அதன் விளைவாக, மருந்தைத் தாங்கும் சக்தி மிகக் குறைந்தவர்களுக்கே நாங்கள் நான்கு மருந்துகளை ஒரே நேரத்தில் தொடங்குகிறோம்.

நான் மருத்துவமனை ஒன்றில் கிளினிக்கல் பார்மசிஸ்டாகப் பணிபுரிகிறேன். மருந்துகளால் நோயாளிகளுக்கு நேரும் தீங்குகளைக் கவனித்துப் பதிவுசெய்வது என் வேலையின் பெரும்பகுதி. ஊரையும் மருத்துவமனையையும் குறிப்பிடாமல், நோயாளிகளின் அடையாளங்களை மாற்றியே இங்கு எழுதுகிறேன். இந்த வேலையில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. பக்கவிளைவைக் கண்காணிப்பது என்று நாம் சொல்வதில் பாதிக்குமேல் முதல் மாத்திரைக்கு முன்பே முடிந்துவிட வேண்டிய வேலை. மூளை உறைக் காசநோய் உள்ளவர் பத்தாம் நாள் வாந்தி எடுத்தால், அது தலைக்குள் ஏறிய அழுத்தமா, கல்லீரல் அழற்சியா, வெறும் இரைப்பை எரிச்சலா என்பதைப் பத்தாம் நாள் மட்டும் பார்த்துச் சொல்ல இயலாது. முதல் நாள் அவர் எப்படி இருந்தார் என்று எழுதி வைத்திருந்தால்தான் எது மாறியது என்று தெரியும். அந்தப் பதிவு இல்லாதபோது எல்லாப் பழியும் மருந்தின்மேல் விழும், அல்லது எல்லாமே நோயின் கணக்கில் போய்ச் சேரும். இரண்டுமே நோயாளிக்குத் தீங்குதான்.

முதலில் எடை. இது அற்பமாகத் தோன்றலாம். இந்தியாவில் 2017-ல் தினசரி மருந்துமுறை வந்ததிலிருந்து, பெரியவர்களுக்கான கூட்டு மாத்திரை ஒவ்வொன்றிலும் 75 மி.கி. ஐசோநியாசிட், 150 மி.கி. ரிஃபாம்பிசின், 400 மி.கி. பைரசினமைடு, 275 மி.கி. எதாம்ப்யூட்டால் அடங்கியிருக்கின்றன. எத்தனை மாத்திரை என்பதை எடைதான் முடிவுசெய்கிறது. இப்போதைய அட்டவணைப்படி 25 முதல் 34 கிலோ வரை இரண்டு, 35 முதல் 49 வரை மூன்று, 50 முதல் 64 வரை நான்கு. எழுந்து நிற்க முடியாதவரின் எடையை உறவினரிடம் கேட்டு, “ஒரு நாற்பது இருக்கும்” என்று எழுதுவது எங்கும் நடக்கிறது. உண்மையில் அவர் 33 கிலோவாக இருந்தால், அவருடைய கல்லீரலுக்கு நாள்தோறும் தேவைக்கு மேல் பாதி மடங்கு கூடுதலாகப் போகிறது. கால் வீக்கமும் வயிற்று நீரும் எடையைக் கூட்டிக் காட்டும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சக்கர நாற்காலியோடு நிறுத்து நாற்காலியின் எடையைக் கழிப்பது, உடன் இருப்பவர் தூக்கிக்கொண்டு நிற்க இருவரின் எடையிலிருந்து அவருடையதைக் கழிப்பது போன்ற வழிகள் எல்லாம் சிரமம் பாராமல் செய்யத் தக்கவை. சிகிச்சை பலித்து எடை ஏறும்போது மாத்திரையின் எண்ணிக்கையையும் ஏற்ற வேண்டும் என்பது இதே கணக்கின் மறுபக்கம்.

அடுத்தது கல்லீரல். இந்த வார்டில் நாங்கள் அதிகம் அஞ்சுவது இதற்கே. நான்கு மருந்துகளில் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு ஆகிய மூன்றும் கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. எதாம்ப்யூட்டால் மட்டுமே பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. பாதிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு மாதங்களுக்குள் தலைகாட்டும். ஆனால் இரத்தத்தில் கல்லீரல் நொதியின் அளவு கூடுவதெல்லாம் ஆபத்து அல்ல. ஐசோநியாசிட் மட்டும் சாப்பிடுவோரிலேயே பத்தில் ஒருவர் அல்லது இருவருக்கு ஏ.எல்.டி. என்ற அந்த நொதி சற்றே ஏறி, மருந்தை நிறுத்தாமலேயே தானாக இறங்கிவிடுகிறது. கல்லீரல் மருந்துக்குப் பழகிக்கொள்ளும் காலம் அது. அந்த நேரத்தில் அவசரப்பட்டு மருந்தை நிறுத்துவதும் தவறு, ஏனெனில் உயிருக்குப் போராடும் நோயாளிக்குச் சிகிச்சை இடைவெளி என்பதும் ஓர் ஆபத்துதான்.

அதனால்தான் உலகெங்கும் ஒரு வரம்பை வைத்திருக்கிறார்கள். குமட்டல், வாந்தி, பசியின்மை, வலப்பக்க மேல்வயிற்று வலி, மஞ்சள் காமாலை போன்ற அறிகுறிகளோடு ஏ.எல்.டி. இயல்பு உச்சத்தின் மூன்று மடங்கைத் தாண்டினாலும், அறிகுறி எதுவும் இன்றி ஐந்து மடங்கைத் தாண்டினாலும், கல்லீரலைத் தாக்கும் மருந்துகளை நிறுத்திவிட வேண்டும். ஆய்வகத்தின் உச்ச அளவு 40 என்றால், அறிகுறி உள்ளவருக்கு 120, இல்லாதவருக்கு 200. எண்ணைக் காட்டிலும் அறிகுறிக்கு இந்த விதி கொடுத்திருக்கும் மதிப்பைக் கவனியுங்கள். இரத்தப் பரிசோதனை முடிவு மாலையில்தான் வரும்; காலைச் சாப்பாட்டுத் தட்டில் மிச்சம் இருக்கும் இட்லி அதற்கு முன்பே சேதி சொல்லிவிடும். சேர்ந்த முதல் சில நாட்களில் வரும் குமட்டல் பெரும்பாலும் வயிற்றின் எரிச்சல். சிறிது ஆகாரத்துக்குப் பின் மாத்திரையைக் கொடுத்தால் அடங்கும். ஆனால் நன்றாகச் சாப்பிடத் தொடங்கிய ஒருவர் இரண்டாம் வாரத்தில் திடீரென்று சோற்றைப் பார்த்து முகம் சுளித்தால், அன்றைக்கே இரத்தம் எடுக்கச் சொல்வது எங்கள் வழக்கம்.

நின்ற மருந்தை மீண்டும் தொடங்குவதுதான் இதில் நுட்பமான வேலை. நொதி அளவு இயல்பு உச்சத்தின் இரண்டு மடங்குக்குக் கீழே இறங்கும்வரை, நோய் தீவிரமாக இருப்பவருக்கு எதாம்ப்யூட்டால், லெவோஃப்ளாக்சசின் போன்ற கல்லீரலுக்கு அதிகம் கெடுதல் செய்யாத மருந்துகளைக் கொண்டு ஒப்பேற்ற வேண்டியிருக்கும். பிறகு ரிஃபாம்பிசினை முதலில் கொடுத்து, சில நாள் பார்த்து, நொதி ஏறவில்லை என்றால் ஐசோநியாசிட்டைச் சேர்த்து, பைரசினமைடைக் கடைசியில் சேர்க்கலாம். பாதிப்பு கடுமையாக இருந்திருந்தால் அதை அறவே விட்டுவிட்டு, சிகிச்சையை ஒன்பது மாதமாக நீட்டிக்கலாம். இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. நான்கு மருந்தும் ஒரே மாத்திரையில் சேர்ந்திருப்பதால், தனித்தனியே தொடங்க வேண்டுமென்றால் தனி மாத்திரைகள் வேண்டும். தேவை வந்த பிறகு தேடத் தொடங்கினால் நோயாளி மருந்தே இல்லாமல் காத்துக்கிடப்பார். ஆபத்துள்ள கல்லீரலோடு ஒருவர் சேரும் அன்றே மாவட்டக் காசநோய் மையத்தில் தனி மாத்திரைகள் இருப்பில் உள்ளனவா என்று கேட்டுவைப்பதையும் நான் கண்காணிப்பின் பகுதியாகவே கருதுகிறேன்.

தொடக்கநிலைப் பதிவின் அருமை கல்லீரல் விஷயத்தில்தான் நன்றாக விளங்கும். குடியால் ஏற்கெனவே கெட்ட கல்லீரல், தெரியாமல் இருந்துவந்த ஹெப்படைட்டிஸ் பி அல்லது சி, இதயம் பலவீனமானதால் வீங்கிய கல்லீரல், கல்லீரலுக்குள்ளேயே பரவிய காசநோய் என எதுவாக இருந்தாலும் நொதி ஏறியே இருக்கும். முதல் நாள் 90 இருந்தவருக்குப் பத்தாம் நாள் 110 என்றால் அது வேறு கதை; 25 இருந்தவருக்கு 110 என்றால் அது வேறு கதை. அதோடு காய்ச்சலுக்காக அவ்வப்போது தரப்படும் பாராசிட்டமால் ஒரு நாளைக்கு எத்தனை என்று யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. நாட்டு மருந்தும் உண்டு. நம் ஊரில் கண் மஞ்சளானால் முதலில் நினைவுக்கு வருவது கீழாநெல்லிதான். அதைச் சாப்பிட்டதாகச் சொல்பவரைக் கடிந்துகொள்ளும் மருத்துவப் பணியாளரைப் பார்த்திருக்கிறேன். கடிந்துகொண்டால் அடுத்த முறை அவர் மஞ்சள் காமாலை வந்ததையே மறைப்பார். கீழாநெல்லியைக் காட்டிலும் பெரிய ஆபத்து, பத்தியம் இருக்கிறேன் என்று யாரிடமும் சொல்லாமல் காசநோய் மாத்திரையை நிறுத்துவதும், கண் மஞ்சளான பிறகும் அதை விடாமல் விழுங்குவதும்தான்.

கண்ணுக்கு வருவோம். எதாம்ப்யூட்டால் பார்வை நரம்பைத் தாக்கலாம். இது அளவைப் பொறுத்த பாதிப்பு. நாளொன்றுக்குக் கிலோவுக்கு 15 மி.கி. என்ற அளவில் அரிது, 25 மி.கி.-ஐத் தாண்டினால் அதிகம். மருந்தின் பெரும்பகுதி சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு வழக்கமான அளவே அதிக அளவாகிவிடும். அவர்களுக்கு எதாம்ப்யூட்டாலையும் பைரசினமைடையும் வாரம் மூன்று நாள் மட்டும் கொடுக்க வேண்டும் என்ற விதி அதனால்தான் வந்தது. ஆகவே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை இரத்தத்தில் பார்க்காமல் முதல் மாத்திரை கூடாது. நம் நாட்டு முறையில் எதாம்ப்யூட்டால் இரண்டு மாதத்தோடு நிற்பதில்லை, ஆறு மாதமும் தொடர்கிறது என்பதால், கண் பாதிப்பு வழக்கமாகத் தோன்றும் பிந்தைய மாதங்களிலும் மருந்து உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும்.

பார்வை மங்குவதற்கு முன்பே சிவப்பும் பச்சையும் வெளிறத் தொடங்கலாம். அதைக் கண்டறிய இஷிஹாரா நிறப் புள்ளித் தகடுகள் போதும்; பார்வைக் கூர்மைக்குச் சுவரில் மாட்டும் எழுத்து அட்டை போதும். இரண்டையும் ஒவ்வொரு கண்ணாக மூடித் தனித்தனியே சோதிக்க வேண்டும், ஏனெனில் ஒரு கண் கெட்டாலும் மறு கண் அதை ஈடுகட்டி மறைத்துவிடும். ஆண்களில் பிறவியிலேயே சிவப்பு-பச்சை வேறுபாடு தெரியாதவர்கள் கணிசமாக உண்டு. பெரும்பாலானோர் அதை அறியாமலேயே வாழ்கிறார்கள். மூன்றாம் மாதத்தில் முதன்முறையாகத் தகட்டைக் காட்டி, அவர் எண்ணைப் படிக்கத் திணறினால், நல்ல மருந்தொன்றைக் காரணமில்லாமல் நிறுத்த நேரும். முதல் நாளே காட்டியிருந்தால் அந்தக் குழப்பம் எழாது. கண்புரை உள்ள முதியவர்களுக்கும் இது பொருந்தும். நினைவு தப்பிய நோயாளியிடம் எந்தத் தகடும் உதவாது; அங்கே அளவைச் சரியாகக் கணக்கிடுவது ஒன்றே காப்பு, நினைவு திரும்பியவுடன் செய்யும் முதல் பரிசோதனைகளில் கண் இருக்க வேண்டும்.

தகடு கையில் இல்லாத நாளில் நான் நோயாளியின் கைப்பேசியையே பயன்படுத்துவதுண்டு. அழைப்பு வரும்போது திரையில் தெரியும் எடுக்கும் வட்டமும் துண்டிக்கும் வட்டமும் முன்போலவே வேறு வேறாகத் தெரிகின்றனவா என்று கேட்பேன். இது பரிசோதனைக்கு மாற்று அல்ல, ஆனால் வீடு திரும்பிய பிறகும் அவரே தினமும் செய்து பார்க்கக்கூடியது.

நரம்பு பற்றிய பேச்சில் மறுபடியும் சேத்துப்பட்டு வந்துவிடுகிறது. ஐசோநியாசிட் உடலில் பி6 எனும் பைரிடாக்சினின் வேலையைத் தடுப்பதால் கால் விரல்களில் எரிச்சலும் மரத்துப்போதலும் உண்டாகும். மருந்தை மெதுவாக உடைக்கும் பரம்பரைக் கூறு உள்ளவர்களுக்கும், ஊட்டம் குறைந்தவர்களுக்கும் இது அதிகம். 1960-களின் தொடக்கத்தில் சென்னை மையம் நடத்திய ஆய்வுகள், சில மில்லிகிராம் பைரிடாக்சினே இந்தப் பாதிப்பைத் தடுக்கப் போதும் என்று காட்டின. இன்று நாடு முழுவதும் காசநோய் மாத்திரையோடு 10 மி.கி. பைரிடாக்சின் சேர்த்துத் தரப்படுவதற்குப் பின்னால் சென்னை நோயாளிகளின் கால் எரிச்சல் இருக்கிறது. ஆயினும் வார்டில் மிக எளிதாக விடுபட்டுப்போகும் மாத்திரையும் அதுதான். வெறும் வைட்டமின்தானே என்ற எண்ணம் பணியாளர்களிடமும் உண்டு, நோயாளிகளிடமும் உண்டு.

இதில் சர்க்கரை நோய் குறுக்கே வருகிறது. 2012-ல் வெளியான தமிழ்நாட்டு ஆய்வு ஒன்றில், காசநோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது தெரியவந்தது. இவர்களில் பலருக்கு வார்டில் சேரும்போதே கால் மரத்திருக்கும். முதல் நாளே நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்த்து எழுதிவைக்காவிட்டால், ஐசோநியாசிட்டையும் பழைய சர்க்கரையையும் பிரித்தறிய வழியே இல்லை. ரிஃபாம்பிசினோ வேறு விதத்தில் இவர்களைச் சோதிக்கிறது. அது கல்லீரலின் நொதிகளைத் தூண்டிவிடுவதால் கிளைபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரைகள், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், கருத்தடை மாத்திரைகள், சில எச்.ஐ.வி. மருந்துகள் ஆகியவற்றின் வலிமை இரத்தத்தில் குறைந்துபோகிறது. எச்.ஐ.வி.க்கான டோலுடெக்ராவிர் சாப்பிடுபவருக்கு 50 மி.கி.-ஐ ஒரு வேளைக்குப் பதிலாக இரண்டு வேளை கொடுப்பது இதனால்தான். சிறுநீரும் கண்ணீரும் ஆரஞ்சு நிறமாவது இதே மருந்தின் தீங்கற்ற அடையாளம். இதை முன்கூட்டிச் சொல்லாததால் சிறுநீரில் இரத்தம் போகிறது என்று பயந்து மாத்திரையை நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள். பணம் எதுவும் செலவாகாத இந்த ஒரு வாக்கியத்தை, இரவு நேரத்தில் சேரும் நோயாளிக்கு யார் சொல்வது என்பதில்தான் எப்போதும் குழப்பம்.

ஸ்ட்ரெப்டோமைசின், அமிகாசின் ஊசிகள் செவியையும் உடலின் சமநிலையையும் கெடுக்கும். கெட்டது பெரும்பாலும் திரும்புவதில்லை. இப்போது இவற்றின் பயன்பாடு வெகுவாகக் குறைந்துவிட்டது. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு முன்பு மாதக்கணக்கில் போடப்பட்ட கானமைசின் ஊசியை உலக சுகாதார நிறுவனம் கைவிட்டது நோயாளிகளுக்குக் கிடைத்த பெரிய விடுதலை.

அந்த இடத்துக்கு வந்த மருந்துகள் புதிய வகைக் காவலைக் கேட்கின்றன. பெடாகுயிலின், பிரெட்டோமானிட், லினசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் நான்கும் சேர்ந்த ஆறு மாத முறைக்கு இந்திய அரசு 2024-ல் ஒப்புதல் அளித்தது. முன்பு ஒன்றரை ஆண்டும் அதற்கு மேலும் நீண்ட சிகிச்சை ஆறு மாதமாகச் சுருங்கியது சாதாரண விஷயம் அல்ல. ஆனால் லினசோலிட் சும்மா விடும் மருந்து அல்ல. 2020-ல் வெளியான நிக்ஸ் ஆய்வில், நாளுக்கு 1200 மி.கி. சாப்பிட்ட 109 பேரில் 81 விழுக்காட்டினருக்கு நரம்பு பாதிப்பும், 48 விழுக்காட்டினருக்கு இரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையின் ஒடுக்கமும் ஏற்பட்டன. அடுத்து வந்த ஜெனிக்ஸ் ஆய்வு, 600 மி.கி. அளவிலேயே ஏறக்குறைய அதே பலன் கிடைப்பதையும், மஜ்ஜை பாதிப்பு வெகுவாகக் குறைவதையும் காட்டியது. பக்கவிளைவுகளைப் பொறுமையாக எண்ணி எழுதிய யாரோ சிலரால்தான் இன்று நம் நோயாளிகள் பாதி அளவு சாப்பிடுகிறார்கள். ஆனாலும் இரத்தசோகையோடு வந்தவருக்கு ஹீமோகுளோபின் மேலும் சரிகிறதா என்று முதல் மாதம் அடிக்கடி பார்த்தே ஆக வேண்டும்.

பெடாகுயிலினும் மாக்சிஃப்ளாக்சசினும் ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் மின்னோட்டம் எழுந்து அடங்க எடுக்கும் நேரமான க்யூ.டி. இடைவெளியை நீட்டிக்கின்றன; அது 500 மில்லிசெகண்டைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்தான துடிப்புக் கோளாறு வரலாம் என்பதால் மருந்தை நிறுத்த வேண்டும். இங்கே கணக்கு ஒன்று நோயாளியின் தலைவிதியை மாற்றிவிடும். இதயம் வேகமாகத் துடிக்கும்போது இடைவெளி இயல்பாகவே சுருங்கும் என்பதால், அதைத் துடிப்புக்கு ஏற்பத் திருத்திப் படிக்க வேண்டும். பல ஈ.சி.ஜி. இயந்திரங்கள் அச்சிட்டுத் தருவது பேசட் வாய்பாட்டின்படி திருத்திய எண். காய்ச்சலும் மூச்சுத்திணறலும் உள்ள நோயாளிக்கு நிமிடத்துக்கு 120 துடிப்பு, அளந்த இடைவெளி 340 மில்லிசெகண்ட் என்று கொள்வோம். பேசட் முறையில் அது 481 ஆகும். ஃப்ரிடெரிசியா முறையில் 428. முதல் எண்ணைப் பார்ப்பவர் பதறி மருந்தைக் குறைக்க நினைப்பார். இரண்டாவது எண் தொடரலாம் என்கிறது. வேகமான துடிப்பில் பேசட் மிகைப்படுத்தும் என்பதால் காசநோய் வழிகாட்டுதல்கள் ஃப்ரிடெரிசியாவையே கேட்கின்றன. எனவே இயந்திரத்தின் எண்ணை அப்படியே கேஸ் ஷீட்டில் ஏற்றக் கூடாது என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி.

இதனோடு இன்னொரு கண்ணியும் இருக்கிறது. வாந்திக்கு வார்டில் வழக்கமாகப் போடும் ஆன்டான்செட்ரானும் க்யூ.டி.யை நீட்டிக்கும், டாம்பெரிடோனும், அசித்ரோமைசினும், பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் ஃப்ளூகோனசோலும் நீட்டிக்கும். வாந்தியால் பொட்டாசியம் குறைந்தால் ஆபத்து இன்னும் கூடும். அதாவது, ஒரு பக்கவிளைவுக்குத் தரும் மருந்து இன்னொரு பக்கவிளைவை நெருக்கிக் கொண்டுவருகிறது. காசநோய் மருந்துகளின் பட்டியலை மட்டும் பார்க்காமல், இரவுப் பணி மருத்துவர் எழுதிய சில்லறை மருந்துகளையும் சேர்த்துப் படிப்பது எங்கள் போன்றோரின் வேலை.

இவ்வளவு பரிசோதனைகளைச் சொன்ன பிறகும், அதிகத் தகவல் கிடைப்பது கேள்வியிலிருந்துதான் என்பேன். ஆனால் கேட்கும் விதம் முக்கியம். காலை ரவுண்ட்ஸில் நான்கைந்து பேர் சூழ்ந்து நின்று, “ஏதாவது தொந்தரவு இருக்கா ஐயா?” என்று கேட்டால், “ஒண்ணும் இல்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்” என்ற பதில்தான் வரும். டாக்டரிடம் குறை சொல்வது மரியாதை இல்லை என்று நினைப்பவர்கள் ஒருபுறம், தொந்தரவு என்றால் வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள் என்று கணக்குப் போடுபவர்கள் மறுபுறம். ஆகவே நான் பிற்பகலில், பார்வையாளர் நேரத்துக்குச் சற்று முன், தனியாகப் போய்க் குறிப்பான கேள்விகளையே கேட்கிறேன். நேத்து ராத்திரி எத்தனை இட்லி சாப்பிட்டீங்க, மிச்சம் வச்சீங்களா? நடக்கும்போது செருப்பு காலை விட்டுக் கழண்டது தெரிஞ்சுதா? பாத்ரூம் போகும்போது சுவரைப் பிடிச்சுக்கிறீங்களா? தூக்கம் எப்படி, கெட்ட கனவு வருதா? மருந்துக்கு அடங்காத காசநோய்க்காகச் சைக்ளோசெரின் சாப்பிடுபவரிடம் இந்தக் கடைசிக் கேள்வியை ஒருபோதும் விடக் கூடாது. அந்த மருந்து மனச்சோர்வையும், சிலரிடம் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தையும் தூண்டக்கூடியது. பல நேரங்களில் நோயாளியைவிட, இரவெல்லாம் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கும் மனைவிக்கோ தாய்க்கோதான் உண்மை தெரியும்.

கிடைத்ததை எழுதி அனுப்ப வேண்டும். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010-ல் தொடங்கியது. காசியாபாதில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம் 2011 முதல் அதன் தேசிய ஒருங்கிணைப்பு மையமாக இருக்கிறது. மருத்துவக் கல்லூரிகளில் உள்ள மையங்களிலிருந்து போகும் அறிக்கைகள் அங்கே சேர்ந்து, பிறகு சுவீடனின் உப்சாலாவில் உள்ள உலகத் தரவுத் தொகுப்பை அடைகின்றன. நோயாளியோ உறவினரோகூட 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். படிவத்தில் நோயாளியின் பெயர் முழுதாகத் தேவையில்லை, முதலெழுத்துகள் போதும். மருந்துதான் காரணம் என்ற நிரூபணமும் தேவையில்லை, நியாயமான சந்தேகம் போதும். இதை எத்தனை முறை சொன்னாலும், அறிக்கை எழுதினால் தன் சிகிச்சையில் குறை இருந்ததாக ஆகிவிடுமோ என்ற தயக்கம் சில மருத்துவர்களிடம் எஞ்சியே இருக்கிறது.

காரணத்தை மதிப்பிட நரான்ஜோ அளவுகோல் என்ற பத்துக் கேள்விப் பட்டியலைப் பயன்படுத்துகிறோம். காசநோய் வார்டுக்கு அது அரைகுறையாகத்தான் பொருந்துகிறது. வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தீர்களா என்பது அதில் ஒரு கேள்வி; கல்லீரல் அழற்சியிலிருந்து மீண்ட காசநோயாளிக்கு யார் வெற்று மாத்திரை கொடுக்கப் போகிறார்கள்? நான்கு மருந்தும் ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் நின்றிருக்கும்போது, எது குற்றவாளி என்பதற்கு நேர்மையான விடை பெரும்பாலும் ‘இருக்கலாம்’ என்பதே. மருந்துகளை ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கும் அந்தச் சில வாரங்களில்தான் உண்மையான விடை கிடைக்கிறது. ஆனால் அதற்குள் படிவம் போய்ச் சேர்ந்திருக்கும். பின்தொடர் அறிக்கை அனுப்ப எவருக்கும் நினைவிருக்காது. தரவுத் தொகுப்பில் உள்ள பல பதிவுகள் பாதிக் கதையோடு நிற்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

வார்டில் கவனித்ததெல்லாம் டிஸ்சார்ஜ் சீட்டில் ஏறாவிட்டால் அந்த உழைப்பு கட்டிலோடு நின்றுவிடும். “காசநோய், மருந்து தொடரவும்” என்ற ஒற்றை வரியோடு ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும் நோயாளியின் முதல் நாள் ஏ.எல்.டி. என்ன, வலக் கண் எத்தனை வரி படித்தது, எந்த மருந்தை எந்தத் தேதியில் நிறுத்தி எந்தத் தேதியில் மீண்டும் தொடங்கினோம், எந்த மருந்தை இனி எப்போதும் கொடுக்கக் கூடாது என்பதை அங்குள்ளவர் எப்படி அறிவார்? ரிஃபாம்பிசினால் இரத்தத் தட்டணுக்கள் சரிந்து, தோலில் ஊதாப் புள்ளிகள் தோன்றிய ஒருவருக்கு அந்த மருந்தை மறுபடி கொடுப்பது உயிருக்கே ஆபத்து. அந்தக் குறிப்பு சீட்டின் மேல் பகுதியில், பெரிய எழுத்தில், தமிழிலும் இருக்க வேண்டும் என்று கேட்டுவாங்கியிருக்கிறேன். வீட்டுக்குப் போன இரண்டாம் வாரம் நாங்கள் தொலைபேசியில் அழைத்து, வார்டில் கேட்ட அதே கேள்விகளைக் கேட்கிறோம். கைப்பேசியை எடுப்பது பெரும்பாலும் மகனோ மகளோதான். நோயாளியிடம் கொடுக்கச் சொல்லிக் காத்திருப்பதுதான் அந்த அழைப்பில் நேரம் பிடிக்கும் பகுதி.

சீட்டின் அடியில் இன்னொரு தேதியையும் எழுதுகிறோம். அது கடைசி மாத்திரைக்குப் பிறகு வரும் தேதி. ரிஃபாம்பிசின் நின்றதும், அது தூண்டிவிட்ட கல்லீரல் நொதிகள் சுமார் இரண்டு வாரத்தில் பழைய நிலைக்கு இறங்கும். சிகிச்சைக் காலத்தில் உயர்த்திவைத்த வார்ஃபரின் அளவு அப்போது இரத்தக்கசிவை உண்டாக்கும். கூட்டிவைத்த சர்க்கரை மாத்திரை தாழ்சர்க்கரை மயக்கத்தைத் தரும். பெடாகுயிலினோ உடலை விட்டு முழுதாக வெளியேற மாதங்கள் பல எடுக்கும் என்பதால், சிகிச்சை முடிந்தவருக்கு வேறு காரணத்துக்காகப் புதிய மருந்து எழுதும் மருத்துவருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே மருந்து முடிந்து இரண்டாம் வாரத்தில் சர்க்கரையும், வார்ஃபரின் சாப்பிடுபவராயின் இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையும் செய்துகொள்ளுமாறு நாள் குறித்து எழுதி, அந்தச் சீட்டைக் காசநோய் அட்டையோடு சேர்த்துப் பின் அடித்துக் கொடுக்கிறோம்.